பயத்துக்கு விரதம்

பிப்ரவரி 3, திங்கள்

பல் டாக்டர் இன்றைக்கும் நடுரோட்டில் வண்டியை அணைத்துவிட்டார். பின்னால் வந்த லாரிக்காரன் அடித்த ஹாரனில் எனக்கு உயிரே போய்விட்டது. இந்த மனுஷன் மட்டும் நிதானமாக, "ஏன் கத்துறான்? நாம என்ன வேணும்னா நிறுத்தினோம்?" என்கிறார். பல்லைப் பிடுங்கியே பழகின கை, கியரையும் பிடுங்குகிறது. ஐம்பது தாண்டி டிரைவிங் கற்றுக்கொள்ள வந்திருக்கிறார். அவர் ஆசை அவருக்கு, பாடு எனக்கு.

பயிற்சி வண்டியில் என் காலடியிலும் ஒரு பிரேக் உண்டு. ஓட்டுகிறவர் மிதிக்காவிட்டால் நான் மிதிக்க வேண்டும். எந்தச் செருப்பு வாங்கினாலும் எனக்கு வலதுகால்தான் முதலில் தேயும். முதலாளி புதிதாகச் சேர வருகிறவர்களிடம் என்னைக் காட்டி, "இந்தம்மா பயந்த சுபாவம். அதனால நீங்க தைரியமா ஏறலாம்" என்பார். பாராட்டுகிறாரா, கேலி செய்கிறாரா, இன்றுவரை பிடிபடவில்லை.

வீட்டுக்கு வந்தால் வாலு பள்ளிக்கூடப் பையைக்கூடக் கழற்றாமல் குழாயடியில் நின்று டம்ளர் டம்ளராகக் குடிக்கிறாள். பெற்றது ஒரே ஒரு பெண், அதுவும் ஒன்பது வயதில் ஒட்டகமாகிவிட்டது. "என்னடி இது?" என்றேன். "தாகம்மா." அவ்வளவுதான் பதில். எனக்குப் பயம் வந்துவிட்டது. எனக்குத்தான் தினம் பத்துத் தடவை வருகிறதே.

பிப்ரவரி 5, புதன்

துணி துவைக்கும் மெஷினுக்குள் வாலுவின் படுக்கை விரிப்பு. நான் போடவில்லை. காலையில் எனக்குத் தெரியாமல் அவளே சுருட்டித் திணித்திருக்கிறாள். கேட்டதுமே கண் நிறைந்துவிட்டது. "அப்பாகிட்ட சொல்லாதம்மா, சிரிப்பாரு." சொல்லமாட்டேன் என்றேன்.

மூன்று வயதிலேயே நின்றுபோன பழக்கம். இப்போது ஏன்?

பிப்ரவரி 6, வியாழன்

சொல்லிவிட்டேன். எனக்கு எது வயிற்றில் தங்கியது, இது தங்க!

இவர் சிரிக்கவில்லை, அதுவரைக்கும் நல்லது. "அத்தனை தண்ணி குடிச்சா வேற எங்க போகும்?" என்றார். கிளினிக் போகலாமா என்று இழுத்தேன். அவ்வளவுதான், "ஊதிடுச்சுடா அபாயச் சங்கு!" என்று தலையில் கை வைத்துக்கொண்டார். அவரைக் குறை சொல்லவும் முடியாது. போன வருஷம் வாலு கழுத்தில் கறுப்பாக ஒரு மச்சம் புதிதாக வந்திருக்கிறது என்று ஓட்டமாக ஓடினேன். டாக்டரம்மா பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தார், மச்சம் போய்விட்டது. பேனா மை. அதற்கு முன்னால் தலையில் கட்டி. ஹேர் கிளிப்போடு தூங்கியிருந்தாள். கிளினிக் வாசலில் டோக்கன் கொடுக்கிற பெண் இப்போதெல்லாம் என்னைப் பார்த்ததுமே, "இன்னைக்கு என்ன சந்தேகம்க்கா?" என்று கேட்கிறாள். காத்திருக்கிறவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள்.

"ஒரு வாரம் பொறு. வெயில் ஏறுது, குழந்தை ஓடி ஆடுறா," என்றார் இவர். நாற்காலி மேஜை செய்கிற பட்டறையில் வார்னிஷ் அடிக்கிற மனுஷன். எதுவும் காய நேரம் கொடுக்க வேண்டும் என்று நினைக்கிற ஜாதி.

பிப்ரவரி 8, சனி

மாடி வீட்டு அக்கா நடத்துகிற சனிக்கிழமைக் கூட்டம். ஏழு பெண்கள் வட்டமாக உட்காருவோம். நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருக்கும். அது கடவுளுக்கு. பாட்டு கிடையாது, படிப்பு கிடையாது. மனசில் இருப்பதை வைத்துக்கொண்டு பேசாமல் காத்திருக்க வேண்டும். மனசு அடங்கி அமைதியானால் அவர் வந்துவிட்டார் என்று அர்த்தம். "வந்துட்டார்" என்று மெல்லச் சொல்ல வேண்டும். கலக்கம் தீரவில்லையென்றால் அது நம் மனசு போடுகிற சத்தம், அவர் இன்னும் வரவில்லை. மாடி அக்காவின் சட்டம் இது ஒன்றுதான். வேலை மாறுவதா, வீடு வாங்குவதா, எல்லாவற்றையும் இந்தச் சட்டத்தில்தான் போட்டுப் பார்ப்பார்கள்.

எல்லாருக்கும் வந்திருக்கிறார். எனக்கு மட்டும் ஒரு தடவைகூட வந்ததில்லை. மற்றவர்கள் முகம் அப்படியே தெளிந்துபோகும், நான் அடுப்பை அணைத்தோமா என்று யோசித்துக்கொண்டிருப்பேன். இன்றைக்குக் கூட்டம் முடிந்ததும் அழுதேவிட்டேன். எனக்கு ஏன்க்கா வர மாட்டேங்கிறார், நான் என்ன பாவம் பண்ணினேன்? அக்கா என் தலையைத் தடவிக்கொண்டே சொன்னார்: "பயம் உட்கார்ந்திருக்கிற நாற்காலியில அவர் எப்படிம்மா வந்து உட்காருவார்? முதல்ல அதை எழுப்பி விடு."

நல்ல மனுஷி. நான் காய்ச்சலில் கிடந்தபோது வாலுவுக்குத் தலை பின்னிப் பள்ளிக்கு அனுப்பியது அவர்தான். அவர் ஒரு யோசனை சொன்னார். சாப்பாட்டுக்கு விரதம் இருக்கிற மாதிரி ஒரு மாசம் பயத்துக்கு விரதம் இரு. பயம் சொல்கிற எதையும் செய்யாதே. கிளினிக் ஓடாதே, பள்ளிக்கூடத்துக்குப் போன் போடாதே, தூங்குகிற குழந்தை மூக்கில் விரல் வைத்துப் பார்க்காதே. பயம் வந்தால் உட்கார். மடியில் கையை விரித்து வை. 'நீ போ, அவர் வரணும்' என்று சொல். அது போகிற வரைக்கும் எழுந்திருக்காதே.

சரி என்று சொல்லிவிட்டேன். அடுத்த மாசம் எட்டாம் தேதி வரைக்கும்.

பிப்ரவரி 10, திங்கள்

விரதம் நடக்கிறது. காலையில் மட்டும் நான்கு தடவை உட்கார்ந்தேன். வேலைக்குத் தாமதம். முதலாளி முறைத்தார்.

பிப்ரவரி 13, வியாழன்

யூனிஃபார்ம் பாவாடை வாலு இடுப்பில் நிற்கவில்லை. கொக்கியைத் தள்ளித் தைத்தேன். பள்ளி திறக்கும்போது அளவெடுத்துத் தைத்ததுதானே? பிள்ளைகள் வளர வளரப் பாவாடை இறுகும் என்றுதான் கேள்விப்பட்டிருக்கிறேன்.

ஊசியைக் குத்தி வைத்துவிட்டு உட்கார்ந்தேன். நீ போ, அவர் வரணும். நீ போ, அவர் வரணும். போகவில்லை சனியன். பிடரியில் ஏறி உட்கார்ந்துகொண்டு காதில் ஓதுகிறது: பாவாடை, தண்ணீர், விரிப்பு. பாவாடை, தண்ணீர், விரிப்பு. ஒரு பாட்டை இத்தனை தடவை கேட்டால் எரிச்சல் வராதா? வாயைப் பொத்து என்று சத்தமாகவே கத்திவிட்டேன். வாலு ஓடிவந்து, "யாரைம்மா திட்டுற?" என்றாள்.

உயரமாகிறாள், அதனால் மெலிகிறாள் என்கிறார் இவர். இருக்கும்.

பிப்ரவரி 18, செவ்வாய்

வகுப்பு டீச்சர் போன். வாலு பாடத்துக்கு நடுவில் அடிக்கடி பாத்ரூம் போக எழுந்திருக்கிறாளாம், பிள்ளைகள் கிண்டல் பண்ணுகிறார்களாம். "வீட்டுல ஏதாவது பிரச்சினையா?" என்று மெதுவாகக் கேட்டார். ஒன்றுமில்லை மேடம் என்றேன்.

வண்டியிலேயே உட்கார்ந்து கையை விரித்தேன். பக்கத்தில் யாரோ நின்று சட்டையைப் பிடித்து இழுக்கிற மாதிரி இருந்தது. எழுந்திருடி, எழுந்திருடி என்று. இதற்குத்தான் அசைந்து கொடுக்கக்கூடாது என்று அக்கா சொல்லியிருக்கிறார். பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கடைசியில் களைத்துப் போயிற்று. அது களைத்ததா, நான் களைத்தேனா?

பிப்ரவரி 22, சனி

வந்துட்டார். வந்துட்டார், வந்துட்டார்!

எழுதக் கை ஓடவில்லை. இன்றைக்குக் கூட்டத்தில் வாலுவை மனசில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். எப்போதும் போலப் படபடப்பு. திடீரென்று நின்றுவிட்டது. ஃபிரிட்ஜ் மோட்டார் ஓடிக்கொண்டே இருந்து டக்கென்று நின்றால்தான் அதுவரை சத்தம் இருந்ததே தெரியும் இல்லையா, அந்த மாதிரி. உள்ளே ஒன்றுமே இல்லை. அப்படி ஒரு அமைதி. என் வாயிலிருந்தே அந்த வார்த்தை வந்தது. அக்கா எழுந்து வந்து கட்டிக்கொண்டார். எல்லாரும் அழுதோம்.

கீழே வந்து இவரிடம் சொன்னேன். "அப்பாடா, சங்கை மூட்டை கட்டியாச்சா?" என்றார். எனக்குக் கோபமே வரவில்லை.

பிப்ரவரி 24, திங்கள்

அமைதி அப்படியே இருக்கிறது. பல் டாக்டர் ரவுண்டானாவில் தப்பான பக்கம் திரும்பப் பார்த்தார், எனக்குப் பதறவே இல்லை. "இன்னைக்கு நீங்க கத்தவே இல்லையே, உடம்பு சரியில்லையா?" என்று கேட்கிறார்.

வாலு பள்ளிவிட்டு வந்ததும் யூனிஃபார்மோடு படுத்துத் தூங்கிவிட்டாள். எழுப்பினால் எரிந்து விழுகிறாள். கன்னம் ஒட்டிப்போயிருக்கிறது. பார்த்தேன். எனக்கு ஒன்றும் தோன்றவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

வாங்கி வைத்த ஜூஸ் முழுக்கக் காலி. ஒரே நாளில். நன்றாகத் திட்டினேன்.

பிப்ரவரி 26, புதன்

சாயந்திரம் வாலு வாந்தி எடுத்தாள். வயிறு வலிக்கிறது என்கிறாள். மத்தியானம் சாப்பிட்ட ரொட்டி பழசாக இருக்கும். எனக்கும் கொஞ்சம் உப்புசமாகத்தான் இருக்கிறது.

இவரே வந்து, "கிளினிக் வேணா போயிட்டு வருவோமா?" என்றார். அந்த மனுஷன் வாயிலிருந்து இது வருவது இதுதான் முதல் தடவை. நான் சொன்னேன்: "வேண்டாம், காலையில சரியாயிடும்." இவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். "நீயா பேசுற?"

ஆமாம், நான்தான். எனக்கே பெருமையாக இருந்தது. மாடி அக்காவுக்கும் சொன்னேன். "இன்னும் பத்து நாள்தான்ம்மா, விட்டுடாதே" என்றார்.

பிப்ரவரி 27, வியாழன்

ஆஸ்பத்திரி. உள்ளே விட மாட்டேங்கிறாங்க. நோட்டு பையிலயே இருந்தது. எதையாவது எழுதலைன்னா எனக்குப் பைத்தியம் பிடிச்சிடும்.

காலையில் வாலு எழுந்திருக்கவே இல்லை. உலுக்கி எழுப்பினேன். வயிறு வலின்னா. உள்ளே எங்கேயோ, ரொம்ப ஆழத்தில், கிணத்துக்குள்ள இருந்து கூப்பிடற மாதிரி அந்தப் பழைய பயம் கூப்பிட்டது. நான் என்ன பண்ணினேன்? உட்கார்ந்து கையை விரிச்சேன். நீ போ, அவர் வரணும். அது போயிடுச்சு. பிள்ளைக்குத் தலை சீவி விட்டுப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பினேன். என் கையால அனுப்பினேன்.

பத்தரை மணி பாடம் பல் டாக்டருக்கு. கடைத்தெரு ஓரமாக ஒரு வேன் நின்றது. தெரு காலி, அவரும் நன்றாகத்தான் ஓட்டினார். என் கால் பிரேக்கை மிதித்தது. நான் மிதிக்கவில்லை, என் கால் மிதித்தது. வண்டி குலுங்கி நின்றது. "எதுக்கும்மா? ஒண்ணுமே இல்லையே!" என்று அவர் கேட்டு முடிக்கவில்லை, வேனுக்கு முன்னாலிருந்து ஒரு பெரியவர் காய்கறிப் பையோடு எங்களைப் பார்க்காமலே ரோட்டில் இறங்கினார். பானெட்டைத் தொட்டுக்கொண்டு கடந்து போனார்.

டாக்டருக்கு முகம் வெளுத்துவிட்டது. "எப்படித் தெரிஞ்சது உங்களுக்கு?"

எனக்கு என்ன தெரியும்? அப்புறம்தான் ஞாபகம் வந்தது. வேனுக்கு அடியில் இரண்டு கால் நடந்தது தெரிந்தது. அதை நான் பார்க்கலை. "பயம் பார்த்துடுச்சு டாக்டர்" என்றேன். சொன்ன வாய் அப்படியே நின்றுவிட்டது. பயம் பார்த்துடுச்சு. அப்படின்னா பாவாடையைப் பார்த்தது யார்? தண்ணியைப் பார்த்தது யார்? விரிப்பு, பாத்ரூம், ஒட்டின கன்னம் — எல்லாத்தையும் ஒண்ணு விடாம பார்த்து என்கிட்ட வந்து வந்து சொன்னதே, நான் அதை —

"இறங்குங்க டாக்டர், நான் ஓட்டறேன்" என்றேன். அவர் ஏன் என்று கேட்காமல் இடம் மாறி உட்கார்ந்தார். என் பிரேக் இப்போது அவர் காலடியில். நான் போன வேகத்துக்கு ரெண்டு தடவை மிதிச்சுட்டார். அவருக்கு எல்லாவற்றையும் சொல்லிக்கொண்டே ஓட்டினேன். கத்திக்கொண்டே என்று சொல்ல வேண்டும்.

பள்ளிக்கூடத்தில் வாலுவை டீச்சர்கள் அறையில் பெஞ்சில் படுக்க வைத்திருந்தார்கள். "தூங்கட்டும்னு விட்டோம், இப்பதான் உங்களுக்குப் போன் பண்ணலாம்னு..." என்றார் டீச்சர். அது தூக்கமா? நெஞ்சு தூக்கித் தூக்கிப் போடுது. மலை ஏறினவ மாதிரி மூச்சு வாங்குறா. கூப்பிட்டா கண்ணு பாதிதான் திறக்குது. டாக்டர் குனிந்து அவள் வாய்கிட்ட முகர்ந்து பார்த்தார். நாள் பூரா அடுத்தவங்க வாய்க்குள்ளயே இருக்கிற மனுஷன். சட்டுன்னு நிமிர்ந்தார். "அழுகின பழ வாசனை அடிக்குது. இது சர்க்கரைம்மா. கிளினிக் வேண்டாம், நேரா பெரிய ஆஸ்பத்திரி. தூக்குங்க!" என்றார்.

விரல்ல ஒரு சொட்டு ரத்தம் எடுத்தாங்க. மெஷின்ல எண்ணே வரலை. அதுக்கு மேல போயிடுச்சாம்.

இவர் வார்னிஷ் கையோடு ஓடி வந்தார். கண்ணாடிக் கதவு வழியாகப் பார்த்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார்.

பிப்ரவரி 28, வெள்ளி

இன்னும் சரியாக நினைவு திரும்பவில்லை. இன்சுலின் சொட்டுச் சொட்டாக ஏறுகிறது. சர்க்கரையை அவசரப்பட்டு இறக்கினால் மூளையில் நீர் கோத்துக்கொள்ளும், மெதுவாகத்தான் இறக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர். "நேத்து சாயந்திரம் வரைக்கும் விட்டிருந்தீங்கன்னா..." என்று ஆரம்பித்தவர் என் முகத்தைப் பார்த்து நிறுத்திவிட்டார்.

வாழ்க்கையில் எத்தனையோ பயந்திருக்கிறேன், இது வேறு. வாலுவுக்கு என்னவாவது ஆனால் நான் எதற்கு இருக்கணும்?

மூன்று நிமிஷம் உள்ளே விட்டார்கள். காலைத் தொட்டுப் பார்த்தேன், சூடாக இருந்தது.

அமைதியாக இருக்கும் என்று நினைத்தேன் அவர் வந்தால். வெளிச்சமாக, பூ வாசனையாக, மடியில் கை வைத்த மாதிரி இருக்கும் என்று. எத்தனை வருஷமாக அந்த ஒரு வழியையே பார்த்துக்கொண்டிருந்தேன்! அந்த நாற்காலியில் இத்தனை நாளும் உட்கார்ந்திருந்தது யார்? சட்டையைப் பிடித்து இழுத்தது யார்? கடவுள் வர்ற நேரம், நீ போ போன்னு நான் விரட்டினது யாரை? அந்தச் சனிக்கிழமை வந்துட்டார்னு கத்தினேனே, அன்னைக்குத்தான் போயிருக்கிறார். ஐயோ, போகலை. நான் காதை அடைச்சுக்கிட்டேன். அவர் அதுக்கும் அசராம என் காலுக்குள்ள இறங்கி உட்கார்ந்திருக்கிறார்.

திரும்ப வாங்க. எப்படி வேணும்னாலும் வாங்க. பயமாவே வாங்க. என் பிள்ளையை மட்டும் விட்டுட்டுப் போயிடாதீங்க.

மார்ச் 1, சனி

கண்ணைத் திறந்தாள். முதல் வார்த்தை, "அம்மா, தண்ணி."

அந்த ஒரு சொல்லைக் கேட்டு இவர் குலுங்கிக் குலுங்கி அழுதார். நர்ஸ் திட்டி வெளியே அனுப்பிவிட்டார். வெளியே வந்து சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "இனிமே நீ ஊது. நான் சிரிச்சேன்னா செருப்பால அடி." எந்தச் செருப்பால் என்று கேட்டேன். தேய்ந்ததாலேயே என்றார். அழுகையும் சிரிப்புமாக வந்தது.

மாடி அக்கா வந்தார். கூட்டத்தை ரத்து செய்துவிட்டாராம். வராந்தாவில் என் முன்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்று, "நான் சொன்னதாலதானேம்மா..." என்றார். இல்லைக்கா, நீங்க என்ன பண்ணுவீங்க என்று சொல்லியிருக்கலாம். எனக்கு அப்படி வரவில்லை. "ஆமாக்கா. நீங்க சொன்னதாலதான். நான் கேட்டதாலதான்" என்றேன். அவர் என் தோளில் சாய்ந்து அழுதார். தள்ளிவிடவும் மனசு வரவில்லை, அணைக்கவும் கை வரவில்லை. பிறகு, கொண்டுவந்த ஃபிளாஸ்க்கைத் திறந்து எனக்குப் பால் ஊற்றிக் கொடுத்தார். குடித்தேன்.

மார்ச் 4, செவ்வாய்

சாதாரண வார்டு. இனிமேல் தினமும் ஊசி, ஆயுசுக்கும். நர்ஸ் ஒரு ஆரஞ்சைக் கையில் கொடுத்து அதில் குத்திப் பழகச் சொன்னார். எனக்கு ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றும். வாலு என் கையிலிருந்து பிடுங்கி, "இப்படிம்மா" என்று குத்திக் காட்டுகிறாள். வாலு திரும்பிவிட்டாள்.

நர்ஸ் இன்னொன்றும் சொன்னார். ஊசி போட்டபின் சர்க்கரை சில நேரம் சடாரென்று இறங்கும். அதற்கு முன்னால் உடம்பு சொல்லும். கை நடுங்கும், வேர்க்கும், காரணமே இல்லாமல் ஒரு பயம் வரும். "அந்தப் பயம் வந்தா உடனே பெரியவங்ககிட்ட வந்து சொல்லணும். பயந்தா கிண்டல் பண்ணுவாங்கன்னு மறைக்கக்கூடாது, சரியா?" வாலு தலையாட்டினாள். நான் எழுந்து பாத்ரூம் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

மார்ச் 8, சனி

வீடு. விரதம் முடிகிற நாள் இன்றைக்கு. எப்போதோ முடிந்துவிட்டது.

மார்ச் 11, செவ்வாய்

வேலைக்குப் போனேன். பல் டாக்டர் வாலுவுக்கென்று ஒரு பல் துலக்கும் பிரஷ்ஷும் எனக்கு ஒரு அதட்டலும் கொடுத்தார்: "சர்க்கரை இருக்கிற பிள்ளைக்கு ஈறு ஜாக்கிரதை. மாசா மாசம் கூட்டிட்டு வரணும்." பிறகு வண்டியை நடுரோட்டில் அணைத்தார்.

ஒரு கேள்வி அரித்துக்கொண்டே இருக்கிறது. பயமாக வந்தது அவர் என்றால், பேனா மைக்காக என்னைக் கிளினிக் வரைக்கும் ஓடவிட்டதும் அவரா? அடுப்பை அணைத்தோமா என்று பாதிவழியில் திரும்ப வைப்பதும் அவரா? அப்படியென்றால் அவருக்கு வேறு வேலையே இல்லையா! தெரியவில்லை. எது என் சத்தம், எது அவருடையது என்று பிரித்துச் சொல்ல எனக்குத் துப்பு இல்லை. இப்படித்தான் வருவார் என்று அவருக்கு நான் சட்டம் போடப் போவதில்லை, அவ்வளவுதான். பயமாகத்தான் வருவார் என்றும் இல்லையே. ஃபிளாஸ்க்கில் பாலாக வந்தது யார்? அழுகின பழ வாசனையாக வந்தது யார்? எத்தனை தடவை வந்து வந்து பார்த்துவிட்டு நான் கண்டுகொள்ளாமல் விட்டேனோ. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

மார்ச் 15, சனி

மாடிக்குப் போகவில்லை. அக்கா கூப்பிடவும் இல்லை. சாயந்திரம் கீழே வந்து வாலுவோடு தாயம் விளையாடினார். தோற்றார்.

மார்ச் 19, புதன்

காலையில் மெஷின் காட்டிய எண் கூடுதல். ராத்திரி என்ன சாப்பிட்டாள் என்று இவரும் நானும் சண்டை. கடைசியில் இவர் பட்டறையிலிருந்து வந்ததும் ரகசியமாகக் கொடுத்த பிஸ்கட் வெளியே வந்தது. நான் ஊதிய ஊதலில் மனுஷன் ஒரு மணி நேரம் வீட்டுப் பக்கமே வரவில்லை.

பயம் போகவில்லை. ஒவ்வொரு ஊசிக்கும், ஒவ்வொரு எண்ணுக்கும் இருக்கிறது. போகச் சொல்லி வேண்டிக்கொள்வதை நிறுத்திவிட்டேன்.

மார்ச் 23, ஞாயிறு

வாலுவைப் பூங்காவுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். ஆஸ்பத்திரிக்கு அப்புறம் முதல் தடவை. பத்துப் பதினைந்து பிள்ளைகள் சேர்ந்துகொண்டு ஓடிப்பிடித்து விளையாடினார்கள். நான் பெஞ்சில் உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தேன். எழுந்து கூப்பிடலாமா, மெஷினை எடுக்கலாமா, இப்போதுதானே விளையாட ஆரம்பித்திருக்கிறாள், விடு என்று எனக்குள்ளேயே சண்டை. பக்கத்திலிருந்த அம்மா ஒருத்தி பேச்சுக் கொடுத்தாள், ஒரு நிமிஷம் திரும்பிவிட்டேன்.

திரும்பிப் பார்த்தால் வாலு ஆட்டத்தை நடுவில் விட்டுவிட்டு என்னை நோக்கி நடந்து வந்துகொண்டிருக்கிறாள். பின்னாலிருந்து பிள்ளைகள் "அவுட்டு, அவுட்டு, பயந்தாங்கொள்ளி!" என்று கத்துகிறார்கள். அவள் திரும்பியே பார்க்கவில்லை. நேராக வந்து என் முன்னால் நின்று கையை நீட்டினாள். விரல் லேசாக நடுங்கியது. நெற்றியில் வேர்வை.

"அம்மா, பயம் வந்துச்சு. அதான் வந்துட்டேன்."

குத்திப் பார்த்தேன். இறங்கித்தான் இருந்தது, நன்றாகவே. ஜூஸைக் குடித்தாள். என் மேல் சாய்ந்துகொண்டு காலை ஆட்டிக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் நடுக்கம் நின்றது. மறுபடி பார்த்தேன், ஏறியிருந்தது. இரண்டு பிஸ்கட்டும் தின்றாள். "போயிடுச்சு, நான் போகட்டுமா?" என்றாள். போ என்றேன். பாவாடை பறக்க ஓடினாள், அந்தப் பிள்ளைகளையெல்லாம் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே.

நான் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து கும்பிட்டேன். கண்ணை மூடவில்லை. அவள் மேல் ஒரு கண் இருக்க வேண்டுமே.